கழுத்துல தொங்கற கேமராவும் காது மெசின் பேட்டரியும்

வா கண்ணு, திண்ணையில உக்காரு. கழுத்துல தொங்கறது என்ன, கேமராவா? கேனானெட்! நல்லது. உன்ற அப்பன் பொறக்கறதுக்கு முந்தியே ஜப்பான்ல செஞ்சது. எத்தன படம் எடுத்தே? ஒண்ணுமில்லியா? அட, கேமராவையே படம் புடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்பிச்சிருக்கியாமா! சன்னலோரம் வெச்சு, பக்கத்துல ஒரு காப்பி டம்ளர், மேல ஒரு காஞ்ச எலை. அத எதுல எடுத்தே? செல்லுல. அப்ப எது வேல செய்யுது, எது உக்காந்து திங்குது?

வார் நல்லாத்தான் இருக்குது. தோலா? என்ன வெலையிருக்கும்? சொல்லாத, எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்குது. அதென்ன பட்டன் மேல பித்தளைக் குமிழு? வெரலு மெத்துனு உக்காருமாமா. இந்தக் கேமராவ வெச்சு ஜப்பான்காரன் பொண்டாட்டி புள்ளைகளப் படம் எடுத்தப்ப அவன் வெரலெல்லாம் ரத்தம் வந்துச்சா என்ன?

இதோட கதையச் சொல்றேன் கேட்டுக்க. 1961 சனவரில மொதல் கேனானெட் வெளிய வந்துச்சு. ஒரு வாரத்துக்கு ஆகும்னு கடைல வெச்ச சரக்கு ரெண்டு மணி நேரத்துல தீந்துபோச்சு. வாங்குனது யாரு? பெரிய பெரிய போட்டோக்காரங்களா? இல்ல. ஆபீஸ் போற சாதாரண ஆளுக. அதுக்கு முந்தி நல்ல லென்சு வெச்ச கேமராங்கறது மாசச் சம்பளக்காரனுக்கு எட்டாத சாமான். இது என்னன்னுச்சு? "வெளிச்சத்த நானே அளந்துக்கறேன், அப்பர்ச்சர எவ்வளவு தொறக்கறதுன்னு நானே பாத்துக்கறேன், நீ தூரத்தச் சேத்தி வெச்சுப் பட்டன அமுக்கு, போதும்"னுச்சு. 1966ல யாஷிகா எலக்ட்ரோ 35 வந்துச்சு. அது, "அப்பர்ச்சர நீ வெய்யி, ஷட்டர் எவ்வளவு நேரம் தொறந்திருக்கோணும்னு என்ற கிட்ட உட்டுரு"ன்னுச்சு. உள்ள எலக்ட்ரானிக் சோலி. 500ல ஒரு பங்கு செகண்டுல இருந்து 30 செகண்டு வரைக்கும் அதுவே கணக்குப் போட்டுக்கும்.

இப்ப ரோசன பண்ணு. மனுசன் ரோசன பண்ணாம எடுக்கோணும்னே செஞ்ச கேமரா இது. அதக் கைல வெச்சுக்கிட்டு நீ என்ன பழம பேசறே? "தாத்தா, இது என்ன நிதானமா யோசிக்க வெக்குது"ங்கறே. அந்தக் காலத்து இஞ்சினியரு இதக் கேட்டா அழுதுருவாரு.

1962 பிப்ரவரில ஜான் கிளென்னுன்னு ஒரு அமெரிக்காக்காரரு ராக்கெட்ல ஏறிப் பூமிய மூணு சுத்துச் சுத்துனாரு. கைல கொண்டுபோன கேமரா எங்க வாங்குனது தெரியுமா? புளோரிடால, கோகோ பீச்சுல, ஒரு மருந்துக்கடைல. மேல அன்ஸ்கோன்னு பேரு போட்டிருந்துச்சு; செஞ்சது மினோல்டா, ஹைமேட்டிக். தடிமனான கையுறை போட்டுட்டுப் புடிக்க வசதியா ஒரு கைப்புடிய மாட்டிக் குடுத்தாங்க, கேமராவத் தலகீழாத் திருப்பி வெச்சு. அவரு ஆகாசத்துல மெதந்துக்கிட்டு, தலகீழாப் புடிச்சுக்கிட்டுப் படம் எடுத்துட்டாரு. நீ தரையில நின்னுக்கிட்டு, "வெளிச்சம் இன்னும் செரியா வல்ல"ங்கறே.

செரி, கேமராவக் குடு பாக்கலாம். கண்ணுல வெச்சா நடுவுல மஞ்சளா ஒரு சின்னக் கட்டம் தெரியுதா? அதுக்குள்ள ஆளு ரெண்டு ஆளாத் தெரியுவாரு. கள்ளுக் குடிச்சிருக்கேனான்னு பயந்துக்காத. முன்னாடி ரெண்டு சன்னல் இருக்குது. ரெண்டும் ரெண்டு பக்கத்துல இருந்து பாக்குது. லென்சு வளையத்தத் திருகத் திருக, ரெண்டு ஆளும் நெருங்கி ஒரே ஆளாவாரு. ஒண்ணாயிட்டாரா? தூரம் செரி. அமுக்கு. ரேஞ்ச்பைண்டருங்கறது அவ்வளவுதான். இதுக்கு நீ ஒரு மணி நேரம் வீடியோ பாத்தியாமா?

ஆனா அந்த வீடியோல சொல்லாத ஒண்ணு இருக்குது. நீ பாக்கற சன்னல் வேற, படம் விழற லென்சு வேற. லென்சு வழியாவே பாக்கற எஸ்எல்ஆர் கேமராவுல மூடியக் கழட்ட மறந்தா உள்ள ஒரே இருட்டு, கண்டுபுடிச்சிரலாம். இதுல? சன்னல்ல ஒலகம் பளிச்சுனு தெரியும். மாமனையும் மச்சானையும் வரிசையா நிக்க வெச்சு, "மாப்ள, சித்தெ சிரிங்க"ன்னு சொல்லி, தாலி கட்டறது, மால மாத்தறது, பந்தி பரிமாறுறது எல்லாத்தையும் எடுத்துப்போட்டு, ரோலக் கழுவுனா ஒண்ணுமே விழுந்திருக்காது. பொண்ணு வீட்டுக்காரங்க சும்மா உடுவாங்களா? கேனானெட்டாவது பரவால்ல. அதுல வெளிச்சம் பாக்கற கண்ணு லென்சு வளையத்துக்குள்ளயே இருக்குது. ஆட்டோவுல வெச்சு, மூடியும் போட்டிருந்தா, பட்டன் எறங்க மாட்டேன்னு முரண்டு புடிக்கும். எலக்ட்ரோவுல அந்தக் கண்ணு மேல, சன்னலுக்குப் பக்கத்துல. லென்சு மூடியிருக்கறது அதுக்கு எங்க தெரியும்? எல்லாம் சுகம்னு சொல்லிட்டுப் போயிட்டே இருக்கும்.

மூடிய இன்னைக்கே தூக்கி அட்டாலில போடு. முன்னாடி ஒரு யூவி பில்ட்டர் மாட்டிக்க. மறக்கற வம்பே இல்ல. வெரலு லென்சு மேல வந்தாலும் சன்னல்ல தெரியாது, அதையும் சொல்லிப்போடறேன்.

இன்னொண்ணு. தோசையப் படம் எடுக்கறேன்னு தட்டு மேல குனியாத. இந்தக் கேமராவுக்கு எண்பது சென்டிமீட்டருக்குக் கிட்ட வந்தா கண்ணு தெரியாது. அதுக்குள்ள எதையும் தெளிவா எடுக்காது. மனுசங்களப் பாக்கறதுக்குச் செஞ்ச கேமரா அது. தோசையத் திங்கறதுக்குச் சுட்டாங்க.

மஞ்சக் கட்டம் மங்கலா இருக்குதா? உள்ள இருக்கற கண்ணாடியத் தொடைக்கறேன்னு பஞ்ச எடுத்துக்கிட்டுக் கெளம்பிராத. பாதி வெளிச்சத்த உட்டுப் பாதியத் திருப்பற மாதிரி ஒரு மெல்லிசான பூச்சு அது மேல இருக்குது. அழுத்தித் தொடச்சா பூச்சு உன்ற பஞ்சுல வந்துரும், கட்டம் மேல போயிரும். அதுக்குப் பதுலா முன்சன்னலு நடுவுல துளியோண்டு கருப்பு டேப்பு ஒட்டிப் பாரு. கட்டம் இருக்கற எடம் மட்டும் இருண்டு, ரெண்டாவது உருவம் பளிச்சுனு தெரியும். செலவு? ஒரு ரூவாகூட ஆகாது. அதுதான் உனக்குப் புடிக்காது.

இப்ப பேட்டரிக்கு வருவோம். இதுலதான் பசங்க எச்சா வெசனப்படறாங்க. அந்தக் காலத்துல இந்த மாதிரி கேமரா பலதுக்கும் பாதரச பேட்டரி. உன்ற கேனானெட்டுக்கு 1.35 வோல்ட். அதோட கொணம் என்னன்னா, சாகற வரைக்கும் ஒரே அளவுல நிக்கும். மீட்டரும் அத நம்பி இருந்துச்சு. பாதரசம் மண்ணுக்கும் தண்ணிக்கும் கேடுன்னு 1990கள்ல பல நாட்டுல நிறுத்திப்போட்டாங்க. நல்ல காரியம். நீ கடைல போய் அதே அளவுல அல்கலைன் பேட்டரி வாங்கிப் போடறே. அது 1.5 வோல்ட். மீட்டரு என்ன நெனைக்கும்? வெளிச்சம் நெறைய இருக்குதாட்டன்னு ஏமாந்து, அப்பர்ச்சரச் சுருக்கிப் படத்த இருட்டாக்கும். நாளாக ஆக அதோட வோல்ட் எறங்கும், மீட்டரோட புத்தியும் கூடவே எறங்கும். கலர் நெகட்டிவ்ல வெளிச்சம் ஒரு படி எச்சா விழுந்தா பொறுத்துக்கும். கொறஞ்சா பொறுக்காது, கருப்பு போயி சாம்பலாகிரும். அதப் பாத்துட்டு நீ, "ஆகா, பழைய காலத்து மூடு"ங்கறே. மூடுமில்ல, மூடாக்குமில்ல. பேட்டரி தப்பு.

இதுக்கு வழி எங்க இருக்குது தெரியுமா? என்ற காதுல. இந்தா, இந்தக் காது மெசின் பேட்டரி. 675ன்னு நம்பர். காத்தக் குடிச்சு வேல செய்யற துத்தநாக பேட்டரி. 1.4 வோல்ட், பாதரச பேட்டரிக்குக் கிட்டத்தட்ட பங்காளி மொறை. மருந்துக்கடைல கெடைக்கும். சுத்தளவு கொஞ்சம் சின்னது. அசையாம இருக்க ஒரு ரப்பர் வளையம் சுத்திப் போடோணும். மேல ஒட்டியிருக்கற தாள உரிச்சா காத்துப் பூந்து உசுரு வந்துரும். உரிச்ச பொறவு நீ படம் எடுத்தாலும் எடுக்காட்டியும் சில வாரத்துல, மிஞ்சிப்போனா ரெண்டு மூணு மாசத்துல தீந்துரும். அதனால அத உரிச்சுப் போட்டுட்டு அலமாரில வெக்காத. போயிப் படம் எடு. எனக்கும் அவசரமா பேட்டரி வேணுங்கறப்ப உன்ற கேமராவுல இருந்து கழட்டிக்கறேன்.

காது மெசின் பேட்டரி போடறதுக்கு வெக்கமா இருக்குதா? அப்ப வேற ஒண்ணு சொல்றேன். கேனானெட்ட ஆட்டோவுல இருந்து எடுத்துரு. பேட்டரியே இல்லாட்டியும் ஷட்டரு எல்லா ஸ்பீடுலயும் ஓடும், வெறும் ஸ்பிரிங்கும் பல்லுச்சக்கரமும்தான. பளிச்சுனு வெயில் அடிக்கறப்ப அப்பர்ச்சர் 16ல வெய்யி. 100 பிலிம்னா 125ல ஒரு பங்கு, 400 பிலிம்னா 500ல ஒரு பங்கு. மேகம் மூடுனா 8க்குத் தொறந்துக்க. மரநெழலுன்னா 4. அம்புட்டுத்தான் சாத்திரம். எங்க காலத்துல பிலிம் டப்பால ஒரு சீட்டுல அச்சடிச்சே குடுத்தாங்க. இப்ப அதயே வகுப்பு வெச்சுக் காசுக்குச் சொல்லித் தாராங்களாமா.

எலக்ட்ரோக்காரனுக்கு இது ஆகாது. பேட்டரி செத்துப்போனா அது 500ல ஒரு பங்குலயே அடிச்சுக்கிட்டிருக்கும். அதுக்கு வேண்டியது 5.6 வோல்ட். இப்பக் கெடைக்கற சின்ன 6 வோல்ட் பேட்டரியோட ஒரு ஸ்பிரிங் சேத்திப் போட்டா ஒத்துக்கும், ஒண்ணும் கோவிச்சுக்காது. ஒலிம்பஸ் எக்ஸ்ஏ வெச்சிருக்கறவன் ரெண்டு பட்டன் பேட்டரி சட்டப்பைல போட்டுக்கட்டும். அது இல்லாட்டி எக்ஸ்ஏ கண்ணே தொறக்காது. ஆனா சும்மா சொல்லக் கூடாது, 1979ல மைத்தானிங்கற மனுசன் வரைஞ்ச அந்தக் கேமரா நெசமாவே கெட்டிக்காரத்தனம். 225 கிராம்தான். முன்னால இருக்கற தகட்டத் தள்ளுனாத்தான் லென்சே வெளிய தெரியும். மூடிய மறக்கறவனுக்காகவே செஞ்சதோ என்னவோ.

பின்கதவத் தொறக்கட்டுமா? ஐயோ சாமி, இதென்ன கருப்பா, பிசுபிசுன்னு? வெளிச்சம் பூராம இருக்கறதுக்கு வெச்ச பஞ்சு. அம்பது வருசத்துல உருகித் தாராப் போச்சு. இதுக்குள்ள நீ பிலிம் போட்டா, படத்து ஓரத்துல சிவப்பா, ஆரஞ்சா வெளிச்சம் வழிஞ்சிருக்கும். அதப் பாத்துட்டு ஒருத்தன் "கவிதை"ங்கறான். இன்னொருத்தன் நல்ல படத்துல கம்ப்யூட்டர் வெச்சு அந்த ஓட்டைய வரைஞ்சு வெக்கறான். கூரை ஒழுகுனா ஓடு மாத்துவீங்களா, இல்ல ஒழுகறதப் படம் புடிச்சு மாட்டுவீங்களா?

சுத்தம் பண்ணறது சுளுவு. மூங்கில் பல்லுக்குச்சி ஒண்ணு, காதுக்குப் போடற பஞ்சுக்குச்சி நாலு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம். கம்பியில சொரண்டாத, கீறல் விழும். துகளு உள்ள ஷட்டர் பக்கம் விழாமக் கேமராவக் கவுத்துப் புடிச்சுக்கிட்டுத் தொடை. பொறவு பஞ்சு இருந்த பள்ளத்துல கருப்புக் கம்பளி நூலப் பதிச்சு ஒட்டு. கதவுக்குக் கீல் இருக்கற பக்கம் மட்டும் கொஞ்சம் அகலமா மெல்லிசான வெல்வெட்டுத் துணி. அவ்வளவுதான். "ஒரிஜினல் பஞ்சு எங்க கெடைக்கும்"னு கேட்டுராத. ஒரிஜினலுதான் உருகி ஓடுச்சு.

ஷட்டரு அமுக்குனா ஏதோ கேக்குது, ஆனா தகடு தொறக்க மாட்டேங்குதா? பழைய எண்ணெ காஞ்சு பசையாயிருக்கும். இங்கதான் பசங்க நாசம் பண்றாங்க. ஒருத்தன் தேங்காயெண்ணெ, ஒருத்தன் தையல் மெசின் எண்ணெ. கண்ணு, ஷட்டர் தகடு எண்ணெயில ஓடற சாமானே இல்ல. காஞ்சு கெடக்கோணும். ஒரு சொட்டு எண்ணெ போட்டா தகடு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாயப் போட்டுப் படுத்துக்கும். லைட்டர்ல ஊத்தற பெட்ரோல் துளியோண்டு பஞ்சுல தொட்டு வெச்சு, பல தடவ அமுக்கி, திரும்பத் தொடைச்சாப் பசை கரையும். அதுக்கும் மேல ஒரு திருகக் கழட்டறதுன்னா உன்ற கைக்கு ஆகாது. தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட குடு. அந்த ஆளுக எண்ணிக்கை கொறஞ்சுட்டே வருது. குடுக்கற காசுல பேரம் பேசாத.

முன்னால ஒரு சின்ன நெம்பு இருக்குது பாத்தியா, பத்து செகண்டு கழிச்சு எடுக்கறதுக்கு? அதத் தொடாத. "சும்மா பாத்தேன் தாத்தா"ன்னு சொல்லிட்டு வந்தவங்கள்ல பல பேரு கேமராவ அப்பிடியே மெக்கானிக்கு வீட்டுல உட்டுட்டுப் போனவங்க. உள்ள பல்லுச்சக்கரம் காஞ்சு கெடக்கும், பாதில நின்னு ஷட்டரையும் சேத்திப் புடிச்சுக்கும்.

லென்சுல பூசணம் புடிக்கறது எதனால? தோல் பொட்டி. நீ அழகுன்னு வாங்குனியே, அதேதான். மழை காலத்துல தோலு ஈரத்தக் குடிச்சு வெச்சுக்கும், பூசணத்துக்கு வேற என்ன வேணும்? கேமராவக் காத்தோட்டமா வெய்யி. டப்பால வெச்சா சிலிக்கா ஜெல் பை போடு. அரிசில பொதைக்காத. தவுடு பூந்துரும், பொறவு வண்டு வரும். மாசம் ரெண்டு தடவ வெறுமனே நாலஞ்சு தரம் சுத்தி அமுக்கு. மெசினு ஒழைச்சுச் சாகறது கம்மி. சும்மா கெடந்து சாகறதுதான் எச்சா.

ரோல் போடறப்ப ஒரே ஒரு சங்கதி. பிலிம் சுத்தற நெம்பத் தள்ளறப்ப, இடது பக்கம் மேல இருக்கற திருப்பற குமிழும் கூடவே சுத்துதான்னு பாரு. சுத்தலியா? பிலிம் மாட்டல. நீ பாட்டுக்கு 36 வரைக்கும் எண்ணி எடுத்துக்கிட்டிருப்பே, உள்ள அது நகர்ந்தே இருக்காது. கேனானெட்ல கியூஎல்லுன்னு எழுதியிருந்தா பிலிம் நுனிய வெச்சுக் கதவ மூடுனாப் போதும், அதுவே புடிச்சுக்கும். அப்பவும் குமிழப் பாரு.

பிலிம் வெலை யான வெலைங்கறே. நெசந்தான். ஒரு காலத்துல ஊட்டி மலை மேலயே சர்க்காரு பிலிம் செஞ்சுது. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1960ல ஆரம்பிச்ச கம்பெனி, இந்துன்னு பேரு வெச்ச கருப்பு வெள்ளை பிலிம். நோம்பிக்கும் கண்ணாலத்துக்கும் அதத்தான் போட்டு எடுத்தோம். இப்ப அதுவும் மூடிக் கெடக்குது. அதுக்காக ஒரு ரோலப் போட்டுட்டு, "அந்த ஒரு தருணம் வரட்டும்"னு ஒரு வருசம் சுமக்காத. கார்ல, வெயில்ல கெடந்து பிலிமு வெந்துரும். தருணம் எங்க வருது? உன்ற ஆத்தா கோழிக்குத் தவுடு பெசையறா பாரு. அத எடு.

கூட்டாளி ஒருத்தன் எலக்ட்ரோ வாங்கப் போறானாமா. 2012ல வந்த சிலந்தி மனுசன் படத்துல அந்தப் பையன் கைல பாத்தானாம். செரி, மாடு வாங்கறப்ப பல்லப் புடிச்சுப் பாக்கறமில்ல, அதுமாற பாத்து வாங்கச் சொல்லு. நெம்பத் தள்ளறப்ப உள்ள "டக்"குனு ஒரு சத்தம் கேக்கோணும். கேக்கலீன்னா உள்ள ஒரு ரப்பர் துண்டு பொடியாப்போச்சு, ஷட்டரோட நேரக் கணக்குத் தாறுமாறாயிருக்கும். பேட்டரி அறையத் தொறந்து பச்சையா களிம்பு ஏறியிருக்கான்னு பாக்கோணும். லென்சுல டார்ச் அடிச்சுச் சிலந்தி வல மாதிரி பூசணம் தெரியுதான்னு பாக்கோணும். தூரத்துக் கோபுரத்தப் பாத்து வளையத்தக் கடைசி வரைக்கும் திருகுனா ரெண்டு கோபுரமும் ஒண்ணாகோணும். விக்கறவன் "மின்ட் கண்டிசன்"னு சொன்னா, "நீ இதுல கடசியா எடுத்த படத்தக் காட்டு"ன்னு கேளு. பேச்சு நின்னுரும். அதுக்கும் முந்தி, உங்க அப்புச்சி வீட்டு அட்டாலில ஏறிப் பாரு. சிங்கப்பூர் போயிட்டு வந்த மாமன் எவனாவது ஒண்ணு கொண்டாந்து போட்டிருப்பான்.

1977ல கோனிகா சி35 ஏஎப்னு ஒண்ணு வந்துச்சு. தூரத்தையும் தானே பாத்துக்கும். அன்னையோட ரெண்டு ஆளு ஒரு ஆளாகற சோலி ஊர்ச் சனத்துக்கு வேண்டியதில்லாமப் போச்சு. கொஞ்ச வருசத்துல இந்த மாதிரி கேமரா செய்யறதே நின்னுபோச்சு. யாரும் ஒப்பாரி வெக்கல. சுளுவா எடுக்கோணும்னு வாங்குன சனம், அதவிடச் சுளுவா வந்ததும் மாறிக்கிச்சு. நீ மட்டும் எதுக்கு இதுக்குத் தேரு கட்டி இழுக்கறே?

அந்த வார வித்துரு. ரெண்டு மூணு ரோல் வரும். பித்தளைக் குமிழ என்ற பேத்திகிட்ட குடு, சொப்பு வெளையாடுவா. ஒரு ரோலப் போட்டு இந்த மாசத்துக்குள்ள முப்பத்தாறையும் எடுத்து முடி, கழுவக் குடு, நெகட்டிவத் திருப்பி வாங்கிக்க. பொறவு வா, பழம பேசலாம்.